மாமாவுடன் யார்டுக்குப் போனேன்

பட்டர்வொர்த்தில் காலை ரயிலைப் பிடித்தால் மதியச் சாப்பாட்டுக்குக் கோலாலம்பூரின் பெரிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலில் இறங்கிவிடலாம். நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஒலிபெருக்கியில் அந்தப் பெண் குரல் "கே.எல். சென்ட்ரல்" என்று சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா இன்றுவரை அந்தப் பெயரைச் சொன்னதில்லை. அவருக்கு அது "யார்டு", சரக்கு வண்டிகளைப் பிரித்துக் கோத்த பழைய ரயில்வே இடம். அவர் பிறந்தது யார்டை ஒட்டியிருந்த ரயில்வே குவார்ட்டர்ஸில். தாத்தா அங்கே தண்டவாளத்தில் தடம் மாற்றும் பாயிண்ட்ஸ்மேன்.

மாமா வாசலில் நின்றுகொண்டிருந்தார். வயது 71. புச்சோங்கிலிருந்து தானே கார் ஓட்டி வந்திருந்தார். "என்ன பாப்பா, இளைச்சிட்ட?" என்றார். எனக்கு 43 வயது, இளைக்கவும் இல்லை. ஆனாலும் அவருக்கு நான் பாப்பாதான்.

நிலையத்தை ஒட்டிய பிரிக்பீல்ட்ஸுக்கு நான் வந்ததெல்லாம் தீபாவளிக்குத் துணி வாங்கவும் வாழையிலைச் சாப்பாட்டுக்கும்தான். இந்த முறை அப்படி இல்லை, எனக்குப் பழைய இடங்களைக் காட்டுங்கள் என்று தொலைபேசியிலேயே சொல்லியிருந்தேன். "காட்டுறதுக்கு என்ன இருக்கு? எல்லாம் பேங்கு, ஹோட்டல்" என்றார். அப்புறம் அவரே நாள் குறித்தார்.

நிலையத்தின் நடுக்கூடத்திலேயே பாடம் தொடங்கிவிட்டது. மக்கள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு எங்களைச் சுற்றிப் போகிறார்கள். மாமா கையை நீட்டி, "இங்கேருந்து அங்கே வரைக்கும் தண்டவாளம். எத்தனை லைன்னு எண்ண முடியாது" என்கிறார். வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் கிள்ளான் துறைமுகத்திலிருந்தும் வரும் சரக்கு வண்டிகள் இங்கேதான் பிரிக்கப்பட்டன. ஒரே வண்டியில் சிமெண்டும் அரிசியும் எண்ணெயும் கலந்து வரும். ஈப்போவுக்குப் போகும் வேகனை ஒரு லைனிலும், ஜொகூருக்குப் போவதை இன்னொரு லைனிலும் சேர்த்து, புது வண்டியாகக் கோக்க வேண்டும். இன்ஜின் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளும். வேகன் தானாக உருண்டு வரும். அது வந்து சேர்வதற்குள் பாயிண்ட்ஸ்மேன் இரும்புக் கம்பியை இழுத்துத் தடத்தை மாற்றிவிட வேண்டும். பகலில் கொடி, இரவில் பச்சை சிவப்பு விளக்கு. மழை பெய்கிற இரவில் உருண்டு வரும் வேகனுக்குச் சத்தமே இருக்காதாம். தாத்தாவின் வலது கையில் இரண்டு விரல்கள் பாதிதான் இருந்தன. குழந்தையாக அதைப் பிடித்து விளையாடியிருக்கிறேன். எப்படிப் போனது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. மாமா அன்றைக்குத்தான் சொன்னார், காப்பிக் கடை வரிசையில் நின்றுகொண்டு, ரொம்பச் சாதாரணமாக.

யார்டு வருவதற்கு முன்னால் இந்த இடம் என்னவாக இருந்தது என்பதை பிரிக்பீல்ட்ஸ், அதாவது செங்கல் வயல், என்ற ஊர்ப்பெயரே சொல்கிறது. 1881இல் கோலாலம்பூர் ஒரே ஆண்டில் இரண்டு முறை அழிந்தது, முதலில் தீ, பிறகு வெள்ளம். பலகைச் சுவரும் அத்தாப்பு ஓலைக் கூரையுமாக இருந்த ஊர் வேறு என்னதான் ஆகும். அடுத்த ஆண்டு சிலாங்கூரின் ரெசிடெண்டாக, அதாவது பிரிட்டிஷ் ஆட்சிப் பிரதிநிதியாக, வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், இனி செங்கல்லும் ஓடும்தான் என்று முடிவெடுத்தார். சீனர்களின் தலைவரான கபித்தான் யாப் ஆ லோய் இங்கே பெரிய நிலம் வாங்கிச் சூளை போட்டார். கிள்ளான் ஆறு பக்கத்தில், களிமண் காலடியில். சுட்ட கல் மாட்டு வண்டியில் ஊருக்குள் போனது. மெர்டேக்கா சதுக்கத்துக்கு எதிரே நிற்கும் சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் 1897இல் முடிந்தது. அதற்கு மட்டும் சுமார் 40 லட்சம் செங்கல் பிடித்ததாம். அந்தக் காலத்துக் கோலாலம்பூருக்குச் செங்கல் பசி அவ்வளவு இருந்தது.

1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் ரயில் ஓடத் தொடங்கியது, ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக. ரயில் வளர வளர சூளைக்காட்டில் யார்டும் குவார்ட்டர்ஸும் வந்தன. தண்டவாளம் போட, காக்க, பழுது பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் வந்தார்கள். கணக்கெழுத, நிலையத்தை நடத்த யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார்கள். "ஸ்டேஷன் மாஸ்டர்னா யாழ்ப்பாணத்துக்காரர், கிரீஸ் கையோட நிக்கிறவன் நம்ம ஆளு" என்று மாமா சொல்வது கொஞ்சம் மிகைதான். ஆனால் ஸ்காட் சாலையில் அவர்கள் கட்டிய கந்தசாமி கோயிலுக்கும், நம் ஆட்கள் குவார்ட்டர்ஸ் ஓரத்தில் கல் நட்டுக் கும்பிட்ட சின்னக் கோயில்களுக்கும் இருந்த இடைவெளியைப் பார்த்து வளர்ந்தவர் அவர்.

சாப்பாடு துன் சம்பந்தன் சாலையில். அது பிரிக்பீல்ட்ஸ் ரோடாக இருந்த காலத்தில் ஒரு வெள்ளிக்குள், அதாவது ஒரு ரிங்கிட்டுக்குள், வயிறு நிறைந்த கதையை மாமா ரசம் முடியும்வரை சொன்னார். 2010இல் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்து லிட்டில் இந்தியாவைத் திறந்துவைத்த பிறகு வந்த வளைவுகளையும் வண்ணங்களையும் அவருக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடிக்கும். பூக்கடைகளும் பாட்டுச் சத்தமும் இல்லாவிட்டால் இந்தத் தெருவையும் கட்டடங்கள் எப்போதோ விழுங்கியிருக்கும். எதிரே விவேகானந்தா ஆசிரமம் வெயிலில் வெள்ளையாக நின்றது. 2014இல் அந்த நிலத்தில் அடுக்குமாடி வரப்போகிறது என்று கிளம்பிய எதிர்ப்பில் நம் சனம் தெருவுக்கு வந்தது. ஆசிரமம் தப்பித்தது.

ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் தப்பிக்கவில்லை. ரொசாரியோ சாலையிலும் சான் ஆ தோங் சாலையிலும் வரிசை வரிசையாக நின்ற அந்த வீடுகளில்தான் மாமாவின் கூட்டாளிகள் எல்லாரும் இருந்தார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் இடித்தார்கள். மாமா அந்தத் தெருமுனையில் நிற்கவே இல்லை. நடையை வேகமாக்கினார். நானும் கேட்கவில்லை.

யார்டு எப்படி கே.எல். சென்ட்ரல் ஆனது என்பது இந்தப் பயணத்தில் நான் அதிகம் யோசித்த விஷயம். 1994இல் எம்.ஆர்.சி.பி. என்ற கட்டுமான நிறுவனத்தின் தலைமையிலான கூட்டு நிறுவனத்துக்கு அரசாங்கம் இந்த 72 ஏக்கரைக் கொடுத்தது. நாட்டின் பெரிய ரயில் நிலையத்தை நீ கட்டிக்கொடு, சுற்றியுள்ள நிலத்தில் கோபுரங்கள் எழுப்பிக்கொள் என்பதுதான் ஏற்பாட்டின் சாரம். சிப்பாங்கில் புது விமான நிலையம் வரப்போகிறது, அங்கிருந்து நேராக நகருக்குள் ரயில் வர வேண்டும். நகரின் நெஞ்சில் இருக்கும் நிலத்தில் அரிசி வேகனைப் பிரித்துக்கொண்டிருப்பது இனிக் கட்டுப்படியாகாது. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா வரைந்து கொடுத்தார். 2001 ஏப்ரலில் நிலையம் திறந்தது. 1910இலிருந்து ஊரின் முகமாக இருந்த பழைய ரயில் நிலையம் ஒரே நாளில் வழியில் வரும் சின்ன நிறுத்தமானது. பிறகு அலுவலகங்கள், ஹோட்டல்கள், பேரங்காடி. 2013இல் சி.ஐ.எம்.பி. வங்கியின் தலைமையகக் கோபுரம்.

அந்தக் கோபுரத்தின் முன்னால் மாமா நின்றார். இடதுபக்கம் திரும்பினார், வலதுபக்கம் திரும்பினார், மோனோரயில் பாதையைப் பார்த்து ஏதோ கணக்குப் போட்டார். "இங்கேதான். இல்லே, கொஞ்சம் தள்ளி." எங்கள் வீடு. கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பிள்ளைகள் பாக்கெட்டில் கட்டிய தே ஓவை, பால் இல்லாத டீயை, உறிஞ்சிக்கொண்டு எங்களைக் கடந்தார்கள். அதில் இரண்டு பேர் தமிழில் பேசிக்கொண்டு போனார்கள், ஏதோ லோன் விவகாரம். பாதுகாவலர் வந்து என்ன வேண்டும் என்று மலாயில் கேட்டார். "பழைய வீட்டைத் தேடறோம்" என்று மாமா மலாயில் சொன்னதும், அவர் சிரித்துவிட்டு நிழலில் நிற்கச் சொன்னார்.

அங்கே நின்றுதான் சாவிக் கதை வந்தது. 1976இல் தாத்தா ஓய்வுபெற்றார். குவார்ட்டர்ஸ் வேலையோடு வந்தது, வேலையோடு போயிற்று. வீட்டைக் காலி செய்யும்போது எல்லாம் இருந்தது இருந்தபடி இருக்க வேண்டும் என்று தாத்தாவுக்குக் கவலை. பின்பக்க ஜன்னலில் ஒரு கண்ணாடி எப்போதோ உடைந்து, அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். தன் காசில் கண்ணாடி வாங்கி, தானே பொருத்தி, பாட்டி வீடு முழுக்கக் கழுவிவிட்ட பிறகு சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தாராம். முப்பது வருஷ வீடு. அப்புறம் செந்தூலில் வாடகை வீடு. "கண்ணாடியை உடைச்சது உங்கம்மா. பழி என் மேல" என்று மாமா சேர்த்துக்கொண்டார்.

ஒரு தலைமுறை முழுக்க இப்படித்தான். இந்த மண்ணில் கல் அறுத்தவனுக்கும் தண்டவாளம் காத்தவனுக்கும் இங்கே ஒரு சதுர அடிகூட இல்லை. குவார்ட்டர்ஸ் என்பது சலுகை என்றுதான் நாங்கள் பேசி வளர்ந்தோம்: வாடகை இல்லை, குழாய்த் தண்ணீர், மின்சாரம், பக்கத்தில் பள்ளிக்கூடம். சலுகையாக இருந்ததும் உண்மைதான். ஆனால் நிலம் பொன்னாக மாறிய நாளில் கையில் பத்திரம் வைத்திருந்தவர்கள் யாரும் அந்த வரிசை வீடுகளில் இல்லை. கல்யாணச் செலவுக்கும் சாவுச் செலவுக்கும் கடன் வாங்கியவர்கள்தான் இருந்தார்கள்.

கடன் என்றதும் மாமா, "வா, நம்ம ஆளுங்க பேங்கைக் காட்டறேன்" என்றார். எல்.ஆர்.டி. நகர ரயிலில் இரண்டே நிறுத்தம், மஸ்ஜிட் ஜாமெக். அங்கிருந்து லெபோ அம்பாங் நடக்கிற தூரம். பெரிய பெரிய வங்கிகளுக்கு அருகிலேயே நம் செட்டியார்கள் கிட்டங்கி என்ற வட்டிக்கடை வைத்திருந்த தெரு. ஈயச் சுரங்கத்துக்கும் ரப்பர்த் தோட்டத்துக்கும், வெள்ளைக்கார வங்கிகள் திரும்பிப் பார்க்காத சின்ன ஆட்களுக்கும் இங்கேதான் பணம் கிடைத்தது. செட்டிநாட்டிலிருந்து மூன்று வருஷக் கணக்கில் ஏஜெண்ட் வருவார். அவருக்குக் கீழே அடுத்தாள். அவருக்குக் கீழே பெட்டியடிப் பையன். பாயில் சம்மணம் போட்டு, முன்னால் சாய்வுப் பெட்டி வைத்துக் கணக்கு. பெரியம்மா கல்யாணத்துக்குத் தாத்தா கைநீட்டியது இந்தத் தெருவில்தான். அடகு என்ன வைத்தீர்கள் என்றேன். "சம்பளத்தைத்தான்" என்றார் மாமா. யார்டில் வேலை என்றால் மாதம் தவறாமல் சம்பளம் வரும் என்று கிட்டங்கிக்குத் தெரியும்.

இப்போது அந்தத் தெருவில் நாணய மாற்றுக் கடை, நகைக்கடை, மாலை கட்டும் கடை. பழைய வீடுகளின் மேல்மாடியை அண்ணாந்து பார்த்தால் வேலைப்பாடு தெரிகிறது. மாடிக்கு ஏறிப் பார்க்கலாம் என்று ஒரு படிக்கட்டில் கால் வைத்தேன், உள்ளே யாரோ இருமினார்கள், இறங்கிவிட்டேன்.

கோலாலம்பூரின் நிதிப் பேட்டை என்று இன்று எவரைக் கேட்டாலும் துன் ரசாக் எக்ஸ்சேஞ்சைத்தான் காட்டுவார்கள். அங்கே எக்ஸ்சேஞ்ச் 106 கோபுரம் 450 மீட்டரைத் தாண்டி நிற்கிறது. 2023இல் திறந்த பேரங்காடியின் கூரைமேல் 10 ஏக்கர் பூங்கா. மொத்த இடம் 70 ஏக்கர், எங்கள் யார்டைவிட 2 ஏக்கர் குறைவு. போய்ப் பார்க்கலாமா என்றேன். மாமாவுக்கு முட்டி வலி. நான் தனியாக வேறொரு நாள் போய்க்கொள்கிறேன் என்று விட்டுவிட்டேன். பளபளப்பைப் பார்க்க இன்னும் காலம் இருக்கிறது, மாமாவின் நினைவுக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

மாலை ரயில். பூமிக்கடியில் இருப்பதுபோல இருட்டான நடைமேடை. மாமா இறங்கி வர முடியாது, டிக்கெட் உள்ளவர்களைத்தான் விடுகிறார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று கையை ஆட்டினார். பையில் அம்மாவுக்கு அரைக் கிலோ முறுக்கும் ஜாங்கிரியும். வண்டி இருட்டைவிட்டு வெளியே வந்து பழைய நிலையத்தைத் தாண்டும்போது, தண்டவாளம் பிரிகிற இடங்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். தடம் மாறும்போது பெட்டி ஒருபக்கமாய் லேசாக ஆடும். முன்பெல்லாம் நான் அதைக் கவனித்ததே இல்லை.

சுங்கை பூலோ வருவதற்குள் அம்மா அழைத்துவிட்டார். வீடு இருந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். வங்கி என்றேன். "எவ்ளோ பெருசு?" என்றார். கழுத்து வலிக்கப் பார்க்க வேண்டும் என்றேன். சற்று நேரம் சத்தமில்லை. நான் மெதுவாக ஜன்னல் கண்ணாடி விஷயத்தை எடுத்தேன்.

"என்ன சொன்னான்?" என்றார் அம்மா, குரல் உடனே உயர்ந்துவிட்டது. "நானா? கோலி அடிச்சு உடைச்சவன் அவன். ராத்திரி தாத்தா ஷிஃப்ட்டு முடிஞ்சு வர்றதுக்குள்ள அட்டை வெட்டிக் கொடுத்தது மட்டும்தான் நான்."