ஹப்பைத் தொட்டுத் தொட்டு ஓட்டிய 1,100 கிலோமீட்டர்

ராணுவம் கழித்துவிட்ட எம்35ஏ2 லாரி ஒன்றை வாங்கி, வாங்கிய இடத்திலிருந்து வீடு வரை 1,100 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்தோம். நானும் சித்தப்பாவும். லாரி பட்டறையில் கை கறுத்தவர் அவர். இரண்டு நாள் என்று கணக்குப் போட்டோம், நான்கு நாள் ஆனது. இதே மாதிரி ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்ப நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் வண்டி. அமெரிக்க ராணுவத்துக்காக ரியோ நிறுவனம் வடிவமைத்த வரிசை இது. ‘இரண்டரை டன் லாரி’ என்பார்கள். அது காட்டுப்பாதையில் ஏற்றக்கூடிய சுமையின் அளவு, வெறும் வண்டியே ஏறக்குறைய 6 டன் இருக்கும். மூன்று ஆக்ஸில், பத்து டயர்: முன்னால் பக்கத்துக்கு ஒன்று, பின் இரண்டு ஆக்ஸிலிலும் பக்கத்துக்கு இரட்டை. 7.8 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ வைத்த எஞ்சின். பலவகை எரிபொருளில் ஓடும்படி செய்தது, நாங்கள் டீசலைத் தவிர வேறெதையும் ஊற்றவில்லை. எஞ்சினின் உச்ச வரம்பு 2,600 ஆர்பிஎம், அதில் போனால் மணிக்கு 90 கிலோமீட்டர் வரை கிடைக்கும். ஆனால் நாள் முழுக்க அப்படி ஓட்டுவது அந்த எஞ்சினுக்குச் செய்யும் கொடுமை. 70-ஐத் தாண்டுவதில்லை என்று கிளம்பும்போதே பேசிவைத்துக்கொண்டோம்.

கிளம்புவதற்கு முன் ஒரு வாரம் வண்டிக்கு அடியில்தான் கிடந்தோம். எஞ்சின் ஆயில், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), மூன்று டிஃபரன்ஷியல் என்று எல்லா எண்ணெயும் மாற்றி, நிப்பிள் கண்ட இடமெல்லாம் கிரீஸ் அடித்தோம். அதிக நேரம் எடுத்தது பிரேக். காற்று டாங்கியைப் பார்த்துவிட்டு இதை முழு ஏர் பிரேக் என்று நினைத்துவிடக் கூடாது. காற்று, மிதிக்கும் அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்க மட்டும்தான். சக்கரத்தைப் பிடிப்பது பிரேக் ஆயில். அதுவும் மிதியின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டர் ஒன்றே ஒன்று, ஒரே வழி. எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் ஆறு டிரம்முக்கும் சேர்த்து பிரேக் போய்விடும். ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் சுழலும் ஷாஃப்ட்டைப் பிடிக்கிறது. நின்ற வண்டியை நிறுத்தி வைக்கத்தான் அது. அதனால் ரப்பர் ஹோஸ் அத்தனையையும் புதிதாகப் போட்டோம். இந்த வண்டியில் இருந்தது சிலிகோன் பிரேக் ஆயில். சாதாரண பிரேக் ஆயிலோடு அதைக் கலக்கவே கூடாது, எனவே வழிக்கென்று இரண்டு டப்பா தனியாக எடுத்து வைத்தோம்.

டயரை மட்டும் மாற்றவில்லை. பட்டன், அதாவது டயரின் மேல் வெட்டுகள், ஆழமாக இருந்தது, அதனால் போதும் என்று விட்டேன். தவறு என்னுடையது.

முதல் நாள் விடியலில் ஸ்விட்சைப் போட்டதும் பஸ்ஸர் அலறியது. காற்று அழுத்தம் ஏறும்வரை அது நிற்காது, அதுவரை வண்டியை நகர்த்தவும் கூடாது. காதில் பஞ்சு போதாது, நல்ல காது அடைப்பான் வேண்டும். பவர் ஸ்டீயரிங் கிடையாது. ஓடும்போது தெரியாது, திருப்பங்களில் தோள் சொல்லிவிடும்.

80 கிலோமீட்டருக்கு ஒரு முறை நிறுத்தினோம். சித்தப்பா போட்ட சட்டம் அது. இறங்கி ஆறு ஹப்பையும் (சக்கரத்தின் நடுக்குடம்) சூடு ஏறியிருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்ப்பது, இரட்டை டயர்களைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது. உள்பக்க டயர் காற்றிறங்கினால் வெளியிலிருந்து தெரியாது, வெளி டயர் தாங்கிக்கொண்டே ஓடும். தட்டினால் சத்தம் மாறும். நல்ல டயர் ‘டங்’ என்று எம்பும், இறங்கியது மண்மூட்டை மாதிரி அமுங்கும். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் போனது. நான் பொறுமை இழந்து, “அடுத்த நிறுத்தத்தில் பார்த்துக்கலாமே சித்தப்பா” என்றேன். “ஹப்பு பேசாதுப்பா, நாமதான் போய்க் கேட்கணும்” என்றார்.

அன்று மதியம் ஒரு ஏற்றத்தில் வண்டி இழுக்க மறுத்தது. 50, 40, 30. ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும் எஞ்சின் மூச்சு முட்டியது. பல ஆண்டுகள் நின்ற டாங்கியின் அடியில் படிந்திருந்த கசடு, ஓட்டத்தில் கலங்கி டீசல் ஃபில்டரை அடைத்துவிட்டது. மாற்று ஃபில்டர் ஒரு செட் வைத்திருந்தோம். போட்டு, டீசல் குழாயில் புகுந்த காற்றை எடுத்து, மறுபடி கிளப்ப ஒன்றரை மணி நேரம். அது ஒரே நாளில் மறுபடி அடைத்தது. நின்று கிடந்த வண்டி என்றால் குறைந்தது மூன்று செட் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள், நடு ஆக்ஸிலின் வலப்பக்க ஹப்பில் கை வைக்க முடியவில்லை. மற்ற ஐந்தும் வெதுவெதுப்பாக இருக்க, அது மட்டும் சுட்டது. ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றினால் இறுகிச் சுழன்றது. பேரிங் போய்விட்டதோ என்று எனக்கு நெஞ்சு படபடத்தது. அதுவல்ல. பிரேக் ஷூவை நாங்கள்தான் இறுக்கமாக வைத்துவிட்டிருந்தோம், டிரம்மை உரசிக்கொண்டே வந்திருக்கிறது. தளர்த்தியதும் அடுத்த நிறுத்தத்தில் ஆறும் ஒரே சூடு. பார்க்காமல் இன்னும் 200 கிலோமீட்டர் ஓடியிருந்தால் ஷூவோடு பேரிங்கும் போயிருக்கும். அதன் பிறகு நான் எந்த நிறுத்தத்தையும் தள்ளிப்போடச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் டயர் வெடித்தது. இடப்பக்கம், கடைசி ஆக்ஸில், வெளி டயர். பீரங்கி மாதிரி ஒரு சத்தம், கண்ணாடியில் ரப்பர்த் துண்டுகள் பறந்தன. இரட்டை டயர் என்பதால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கவில்லை, மெதுவாக ஓரங்கட்டினேன். முன் டயராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். கிழிந்த டயரின் பக்கவாட்டில் தயாரித்த தேதியைத் தேடினால் மூன்று இலக்கம். 2000-க்குப் பிறகு வந்தவற்றில் நான்கு இலக்கம் இருக்கும்: வாரம் இரண்டு, ஆண்டு இரண்டு. மூன்று இலக்கம் என்றால் அது போன நூற்றாண்டு டயர். பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் உள்ளே ரப்பர் செத்துப்போயிருக்கும்.

நட்டைக் கழற்ற ஸ்பேனரில் ஆளுயரக் குழாயைச் சொருகித் தொங்கினேன். அசையவில்லை. இன்னும் அழுத்தப் போனபோது சித்தப்பா கையைப் பிடித்தார். “இடது பக்கம் இடது மரைப்பா. நீ இறுக்கிட்டிருக்க.” இந்த வண்டியில் இடப்பக்கச் சக்கரங்களின் மரை தலைகீழ். கடிகாரம் சுற்றுகிற பக்கம் திருப்பினால்தான் கழறும். தெரியாமல் பலம் போட்டால் போல்ட் ஒடிந்துவிடும். இன்னொன்று, உள்சக்கரத்தைப் பிடிப்பது தனி நட்டு, அதன் மேல் வெளிச்சக்கரத்துக்கு இன்னொரு நட்டு. வெளி நட்டைக் கழற்றும்போது உள் நட்டும் சேர்ந்து சுழலக்கூடும். அதனால் ஸ்டெப்னியை மாட்டுவதற்கு முன் உள் நட்டுகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்க்க வேண்டும். ஸ்டெப்னியை இருவர் சேர்ந்து கடப்பாரையால் நெம்பித்தான் ஏற்றினோம். 80 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி மறுபடி இறுக்கினோம், இரண்டு நட்டு கால் சுற்று உள்ளே போனது.

அதன் பிறகு ஸ்டெப்னி இல்லை. வேகம் 55-க்கு இறங்கியது. மாலையில் மழை வேறு பிடித்தது. இந்த ராணுவ டயர்கள் சேற்றுக்கானவை, நனைந்த தார்ச்சாலையில் வழுக்கும். இருட்டியதும் ஒதுங்கி, பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் தூங்கினோம்.

நான்காம் நாள் சொல்ல எதுவும் இல்லை. டர்போவின் விசில் காதில் ஒலிக்க, ஒரே சீராக ஓடியது. நான் வாங்கியதிலேயே சரியான பொருள் இதுதான் என்று அன்று எனக்குத் தோன்றியது.

வாசலில் நிறுத்தி, டர்போ ஆற மூன்று நிமிடம் ஐடிலில் விட்டு, ஸ்டாப் கேபிளை இழுத்தேன். காதில் அமைதி இறங்க நேரமானது. நான் வீட்டுக்குள் போகத் திரும்பினேன். சித்தப்பா முன் சக்கரத்தருகே குனிந்து ஹப்பில் புறங்கையை வைத்துக்கொண்டிருந்தார். நான் மறுபக்கம் போய் மீதி மூன்றையும் தொட்டுப் பார்த்தேன்.