அகராதித் திட்டத்துக்கு அரசு மானியம்: விண்ணப்பம் முதல் இரண்டாம் தவணை வரை

கல்வெட்டுச் சொற்களுக்கு வரலாற்றுமுறை அகராதி தயாரிக்கும் திட்டம் ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். மத்திய அரசு மானியத்தில் நடந்த திட்டம். பணம் கேட்பது, வாங்குவது, கணக்குக் காட்டுவது எல்லாம் பெரும்பாலும் என் தலையில்தான் விழுந்தன. இதே போன்ற வேலையில் இறங்கும் நண்பர்கள் அடிக்கடி விசாரிப்பதால் எழுதி வைக்கிறேன்.

விண்ணப்பப் படிவத்தில் எங்களைத் திணறடித்தது ஒரு கட்டம்தான். காலாண்டுக்கு எத்தனை சொற்கள் முடியும் என்று அதில் எழுத வேண்டும். சாதாரண அகராதி என்றால் ஓர் எண்ணைச் சொல்லிவிடலாம். இங்கே ஒரு சொல் முதலில் எப்போது வந்தது, அதன் பொருள் எப்போது மாறியது என்று சான்றோடு காட்ட வேண்டும். சோழர் கல்வெட்டில் பரகேசரி என்ற பட்டமும் ஆட்சியாண்டும் மட்டும் இருக்கும், மன்னன் பெயர் இருக்காது. பரகேசரி, இராசகேசரி என்று மாறி மாறிப் பட்டம் சூடிக்கொண்டவர்கள் அவர்கள். இது விசயாலயனா, முதற் பராந்தகனா, உத்தம சோழனா? எழுத்தமைதி என்னும் எழுத்து வடிவத்தையும், கல்வெட்டில் வரும் அதிகாரிகளின் பெயர்களையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தவறினால் சொல்லின் வயது ஒரு நூற்றாண்டு முன்னே பின்னே போய்விடும். அச்சிட்ட பாடத்தில் சந்தேகம் என்றால் மைப்படியை, அதாவது கல்லின் மேல் தாளை ஒற்றி மையால் எடுத்த படியை, தேடிப் போக வேண்டும். இதையெல்லாம் அந்தச் சின்னக் கட்டத்தில் எப்படி எழுதுவது?

நிபுணர் குழுவிலும் அதே கேள்விதான்: மூன்று ஆண்டில் முடித்துவிடுவீர்களா? முடியாது என்றே சொன்னோம். விண்ணப்பத்தோடு ஒரு பக்கத்தில் சில முன்னுதாரணங்களை இணைத்திருந்தோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனுக்கு முதலில் போட்ட மதிப்பீடு 1 லட்சம் ரூபாய். 1936-இல் முடிந்தபோது செலவு 4 லட்சத்தைத் தாண்டியிருந்தது. புனே டெக்கான் கல்லூரியில் சமஸ்கிருத அகராதி வேலை 1948-இல் தொடங்கியது. முதல் தொகுதி வெளிவந்தது 1976-இல். டச்சு மொழியின் பேரகராதி 1864-இல் வெளிவரத் தொடங்கி 1998-இல்தான் முடிந்தது. குழுவில் ஒருவர் சிரித்துவிட்டார். ஆனால் சிரிப்புக்கெல்லாம் கையெழுத்து விழாது. நாங்கள் தப்பித்தது வேறொரு வழியில். முடிந்த சொற்களை எண்ணாமல், ஒரு சொல் வரும் கல்வெட்டு வரியைக் குறித்து, தட்டச்சு செய்து சரிபார்த்த சான்றுச் சீட்டுகளையும் காலம் உறுதிசெய்த கல்வெட்டுகளையும் காலாண்டு இலக்காக வைத்தோம். அச்சுக்குத் தயாராக ஒரே ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களை மட்டும் மாதிரியாகத் தருவதாக ஒப்புக்கொண்டோம். அது எடுபட்டது.

சரி, ஒப்புதல் ஆணை வந்துவிட்டது. அதன் பிறகுதான் பிஎஃப்எம்எஸ் (மத்திய அரசு தரும் நிதியைக் கண்காணிக்கும் இணையதளம்) பதிவு, தனி வங்கிக் கணக்கு எல்லாம். முதல் தவணை வந்தபோது நிதியாண்டில் பாதி போய்விட்டது. மார்ச் 31 கணக்குப்படி ஜிஎஃப்ஆர் (மத்திய அரசின் பொது நிதி விதிகள்) 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். கணக்கில் சேர்ந்த வட்டி நம்முடையது அல்ல. அதை அரசுக்கே திருப்பிக் கட்டி, ரசீதை இணைக்க வேண்டும். ஆடிட்டர் போடும் செலவுத் தலைப்பும் ஆணையில் உள்ள தலைப்பும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போவது நல்லது. இல்லாவிட்டால் விளக்கக் கடிதம் எழுதியே ஓய்ந்துபோவீர்கள். பயணத் தலைப்பில் மிஞ்சியதைச் சம்பளத்துக்கு எடுக்க நினைத்தால் எங்கள் ஆணைப்படி முன்அனுமதி வேண்டும்.

இவ்வளவும் ஒழுங்காக அனுப்பியும் இரண்டாம் தவணை பல மாதம் தள்ளிப்போனது. காகித வேலையைப் பற்றி எனக்கு அவ்வளவு புகார் இல்லை. பொதுப் பணம், கணக்கு கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் அந்த மாதங்களில் சம்பளம் கிடையாது. வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்துமுறையைச் சரளமாகப் படிக்கக்கூடிய ஒருவர் எங்களிடம் இருந்தார். வீட்டு வாடகை காத்திருக்குமா? பள்ளி வேலை கிடைத்ததும் போய்விட்டார். அந்த இடத்துக்கு ஆளைப் பழக்கி எடுக்கவே ஒரு வருடம் வேண்டும். இந்த இழப்பை எழுத எந்தப் படிவத்திலும் இடம் இல்லை. இனி விண்ணப்பிப்பவர்கள், தவணை தாமதமானால் சம்பளத்துக்கு முன்பணம் தருவதாக, திட்டத்தை நடத்தும் தாய் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் கையில் அப்படி எதுவும் இல்லை.

அப்புறம் பணம் வந்தது, விளம்பரமும் கொடுத்தோம். அவருக்கு ஈடாக ஆள் அமையவில்லை. பாண்டிநாட்டு வட்டெழுத்துக் கல்வெட்டுகளை அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவைத்து, திருத்திய இலக்கு அட்டவணையை அனுப்பினோம். அதற்கு மட்டும் சீக்கிரமே ஒப்புதல் கிடைத்தது.