நிலவொளி இசையும் பியானோ டிப்ளமோ தேர்வும்: வலது காலுக்குப் பயிற்சி கொடுங்கள்

முடிவு வந்துவிட்டது, தேறிவிட்டேன். பீத்தோவனின் ‘மூன்லைட்’ சொனாட்டா முழுவதையும் டெபுஸ்ஸியின் ‘கிளேர் டி லூன்’ இசையையும் வாசித்தேன். இவற்றில் ஒன்றையேனும் எடுக்க எண்ணுபவர்கள், விரல்களுக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியையாவது பெடலை மிதிக்கும் வலது காலுக்குக் கொடுங்கள். மற்றவை அனைத்தும் இதற்குப் பிறகுதான்.

1801-இல் எழுதிய இந்தச் சொனாட்டாவின் முதல் பகுதி முழுவதையும், தந்திகளை அடக்கும் டாம்பர்களை (பெடலை மிதித்தால் உயர்பவை இவை) உயர்த்தியபடியே மிக மென்மையாக வாசிக்கும்படி பீத்தோவன் குறித்திருக்கிறார். அக்கால வியன்னா பியானோக்களில் ஒலி விரைவில் தேய்ந்துவிடும். இன்றைய கிராண்ட் பியானோவிலோ அது நெடுநேரம் நின்று, அடுத்த கார்டோடு (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டத்தோடு) கலந்து குழம்பிவிடும். ஆகவே இடக்கையின் பாஸ் (அடித்தளமான தாழ்ந்த சுரம்) மாறும்போதெல்லாம் பெடலை முழுவதும் விடாமல் பாதி மட்டும் உயர்த்தி, முந்தைய ஒலியின் சாயல் சற்றே எஞ்சும்படி மாற்றினேன். வாய்மொழித் தேர்வான வைவாவில் தேர்வாளர் முதலில் கேட்டதும் இதைப் பற்றித்தான். பயிற்சியின்போதே காரணம் தெரிந்து செய்திருந்ததால் தயங்காமல் விளக்க முடிந்தது.

நிகழ்ச்சிக் குறிப்பு எழுதும்போது, நிலவை பீத்தோவனின் எண்ணமாகக் காட்டிவிடாதீர்கள். லூசர்ன் ஏரி நிலவோடு இதை ஒப்பிட்டவர் விமர்சகர் ரெல்ஸ்டாப்.  ஆனால் 1905-இல் வெளியான டெபுஸ்ஸியின் இசைக்கு நிலவின் பெயரைச் சூட்டியவர் அவரேதான்.

வேறு சில:

- சொனாட்டாவின் முதல் பகுதியை பாருக்கு (ஒரு தாளக் கட்டத்துக்கு) இரண்டு அடியாக எண்ணுங்கள். நான்காக எண்ணினால் இழுபடும்.
- மெல்லிசையின் பதினாறாம் பங்குச் சுரம், டிரிப்லெட்டின் (ஓர் அடியில் வரும் மூன்று சமச் சுரங்களின்) மூன்றாம் சுரத்திற்குப் பிறகே விழ வேண்டும்.
- ‘கிளேர் டி லூன்’ 15-ஆம் பாரில் ‘டெம்போ ரூபாட்டோ’ (வேகத்தை நெகிழ்த்தி வாசிக்க) என்றிருப்பதால் மனம்போல் இழுக்கலாம் என்று பொருளில்லை. 9/8 தாளத்தில் மூன்று சுரங்களின் இடத்தில் இரண்டு வருமிடம் அது. சீராக எண்ணப் பழகிய பிறகே நெகிழ்த்துங்கள்.
- வீட்டில் டிஜிட்டல் பியானோ மட்டும் உள்ளவர்கள், பாதிப் பெடலுக்காகவாவது உண்மையான பியானோவைத் தேடிச் சென்று பழகுங்கள்.
- தேர்வறையில் பியானோவைத் தொட்டுப் பார்க்க அனுமதித்தால், அந்த நேரத்தை ஸ்கேலில் செலவிடாமல், ஒரு கார்டை அழுத்தி, பெடல் எந்த ஆழத்தில் பிடிக்கிறது, எங்கே விடுகிறது என்று கேளுங்கள்.
- தேர்வன்று அணியப்போகும் காலணியுடனேயே பயிற்சி செய்யுங்கள். அடிப்பாகம் தடித்திருந்தால் பாதிப் பெடல் காலுக்குத் தெரியாது.