ஆற்றுநண்டும் ஓர் அடிக்குறிப்பும்

சிங்கப்பூரில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் சீனமொழிப் பதிவுகளை ஆங்கிலமாக்கும் வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒரு பிழை செய்தேன். 'என் கட்டுரை ஆற்றுநண்டாக்கப்பட்டது' என்றிருந்த வரியை, ஏதோ வட்டார வழக்கு என்று எண்ணி, சொல்லுக்குச் சொல் பெயர்த்து அனுப்பிவிட்டேன். பெய்ஜிங்கில் வளர்ந்தவரான எங்கள் மூத்த பதிப்பாசிரியர் என்னை அருகில் அமர்த்தி, தாளில் இரண்டு சொற்களை எழுதி உரக்கப் படிக்கச் சொன்னார். இரண்டும் 'ஹஷியே'தான். ஒன்றில் கடைசி அசையின் குரல் மேலே ஏறுகிறது. மற்றதில் சட்டென்று கீழே இறங்குகிறது. ஏறினால் நல்லிணக்கம், இறங்கினால் ஆற்றுநண்டு.

ஹூ ஜின்தாவ் சீனாவின் தலைவராக இருந்த காலத்தில், 2004இல், சீனக் கம்யூனிஸ்ட் கட்சி 'நல்லிணக்கச் சமுதாயம்' என்ற முழக்கத்தை முன்வைத்தது. இணையத்தில் நீக்கப்பட்ட பதிவுகளை மக்கள் 'நல்லிணக்கமாக்கப்பட்டவை' என்றார்கள். அந்தச் சொல்லும் தணிக்கையில் சிக்கத் தொடங்கியதும் நண்டு வந்தது. 2010 நவம்பரில், ஷாங்காயில் தமது கலைக்கூடம் இடிக்கப்படவிருந்த நிலையில், கலைஞர் ஐ வெய்வெய் ஆற்றுநண்டு விருந்துக்கு அழைப்பு விடுத்தார். அவரைப் பெய்ஜிங்கில் வீட்டுக்காவலில் வைத்த பின்னும் நூற்றுக்கணக்கானோர் வந்து நண்டு தின்றார்கள். சிலேடையில் ஊறிய தமிழ்க் காதுக்கு இது அந்நியமே அல்ல.

என்னைப் பல நாள் பிடித்து வைத்தது, நண்டைவிட, அவ்வரியில் இருந்த 'பெய்' என்ற செயப்பாட்டுச் சொல்தான். 2009இல், வேலை கிடைக்காத பட்டதாரிகள் சிலர், தாங்கள் வேலையில் இருப்பதாகத் தம் கல்லூரிகளே கணக்குக் காட்டியிருப்பதைக் கண்டு, 'வேலையில் சேர்தல்' என்ற வினையோடு, இலக்கணப்படி ஒட்டாத அந்த 'பெய்'யைச் சேர்த்தே தம் நிலையைச் சொன்னார்கள். தமிழில் 'வேலையில் சேர்க்கப்பட்டேன்' என்றால் அது இயல்பான வாக்கியமாகி, வலி மறைந்துவிடும். ஆனால் காவலில் ஐயத்துக்குரிய முறையில் இறந்தவரைப் பற்றி இதே 'பெய்'யோடு வழங்கும் தொடரைத் 'தற்கொலை செய்துகொள்ளப்பட்டார்' என்று எழுதிப் பாருங்கள். தமிழிலும் இலக்கணம் முறிகிறது. "அந்தப் பிழையைத் திருத்திவிடாதீர்கள், அவர்கள் சொல்ல வந்ததே அதுதான்" என்றார் பதிப்பாசிரியர்.

இன்னொரு நாள், 'கண்', 'வயல்' என்று பொருள் கூடாமல் நின்ற இரண்டு எழுத்துகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் 'சுதந்திரம்' என்ற சீனச் சொல்லை எழுதி, இரண்டு எழுத்துகளின் உச்சியிலும் நீட்டி நின்ற கோடுகளை விரலால் மறைத்தார். எஞ்சியவை கண்ணும் வயலும். தலை வெட்டப்பட்ட சுதந்திரம். அதற்கு நான் எழுதிய அடிக்குறிப்பு மூல வரியைவிட நான்கு மடங்கு நீண்டிருந்தது. அவர் அதில் ஒரு சொல்லையும் நீக்கவில்லை.