9.8 பெரியதா, 0.00012 பெரியதா?

மலேசியாவின் பினாங்கிலுள்ள பாயான் லெப்பாஸில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், சில்லுகளின் லீக்கேஜ் (கசியும்) மின்னோட்டத்தை அளந்து பதிவு செய்யும் பைத்தான் நிரலை எழுதியபோது, அளவுகளை ஆம்பியரிலேயே, எந்த வடிவமும் குறிக்காமல் அச்சிட விட்டுவிட்டேன். சோதனை வரிசையில் பல ஆண்டுகள் பழகிய அக்கா ஒருவர் முதல் அறிக்கையைப் பார்த்து, 9.8இ-05 என்ற வரியைச் சிவப்பு மையால் சுழித்து, "தம்பி, இது மட்டும் ஒம்பதத் தாண்டிருச்சே, பக்கத்துல இருக்குற இ என்ன, எரரா?" என்று கேட்டார். இ-05 என்றால் பத்தின் -5ஆம் அடுக்கால் பெருக்கு என்று பொருள்; அதாவது அந்த எண் 0.000098. அதற்கு மேல்வரியில் இருந்த 0.00012 தான் உண்மையில் பெரிய எண்.

குற்றம் அக்காவுடையது அன்று. வடிவம் சொல்லாவிட்டால், 0.0001-க்குக் கீழே இறங்கியதும் பைத்தான் தானாகவே பத்தின் அடுக்குக்கு மாறிவிடும், ஜாவாஸ்கிரிப்ட் 0.000001 வரை பொறுத்திருக்கும்; ஜாவாவோ மேல்பக்கத்தில் ஒரு கோடியிலேயே மாறிவிடும். ஒரே நெடுவரிசையில் இரண்டு வகை எழுத்து கலந்துவிடுவது இதனால்தான்.

'புள்ளி 3 இ' (புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம், எப்போதும் அடுக்கு முறை) என்று வடிவம் கொடுத்ததும் இரண்டும் 1.200இ-04, 9.800இ-05 என ஒரே உருவில் வந்தன. முதலில், எண்ணின் அளவைப் பார்த்துச் சாதாரண எழுத்தையோ அடுக்கையோ தானே தேர்ந்தெடுக்கும் 'ஜி' வடிவத்தைத்தான் முயன்றேன். அது கடைசிச் சுழியங்களை வெட்டி 1.200-ஐ 1.2 ஆக்கிவிடுகிறது. நான்கு இலக்கம் வரை அளக்கும் கருவிக்கு அந்தச் சுழியங்கள் அலங்காரம் அல்ல, அளந்து பெற்றவை. ('ஜி'யின் முன் # குறியிட்டால் அவை தங்கும்; ஆனால் எண் எப்போது அடுக்குக்கு மாறும் என்ற பழைய தொல்லையும் கூடவே தங்கும்.)

இருந்தும் அக்காவுக்கு வேலை குறையவில்லை, ஏனெனில் முன்னால் நிற்கும் 9.800-ஐ விட்டு, வாலில் இருக்கும் அடுக்கை முதலில் பார்க்க வேண்டியிருந்தது. படிவம் 3 கணிதத்தில் 'பெந்துக் பியாவாய்' (எண்ணைப் பத்தின் அடுக்கோடு எழுதும் முறை) படிக்கும் பிள்ளைகளுக்கு அது பழக்கம். ஆனால் சோதனை வரிசையில் எல்லோரும் மைக்ரோவில், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கில்தான் பேசுவார்கள். ஆகவே பத்து லட்சத்தால் பெருக்கி, தலைப்பில் மைக்ரோஆம்பியர் என்று எழுதி, 120.0, 98.00 என்று அச்சிட்டேன்.

கணினிக்குப் போகும் கோப்பில் மட்டும் அடுக்கு வடிவத்தை வைத்திருக்கிறேன். அங்கே 'புள்ளி 16 இ', அதாவது மொத்தம் 17 இலக்கங்கள். அவ்வளவு இருந்தால்தான் இரட்டைத் துல்லிய எண் (கணினி 64 பிட்டில் வைக்கும் தசம எண்) எதுவானாலும் மறுபடி வாசிக்கும்போது இம்மியும் மாறாமல் திரும்பும்.