வடமேற்கு வனத் திட்டமும் ஆண்டு நிதிக் கணக்கும்

தேசிய வனங்கள் இனிச் சூழல் மண்டல மேலாண்மை முறையில் நிர்வகிக்கப்படும் என்று அமெரிக்க வனச் சேவையின் அப்போதைய தலைவர் டேல் ராபர்ட்சன் 1992 ஜூன் மாதத்தில் அறிவித்தார். மரம், மேய்ச்சல், மீன், நீர் என்று தனித்தனியே கணக்குப் பார்த்துவந்த துறை, காடு முழுவதையும் ஒன்றாகக் கருதி முடிவெடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அதன் பின்னர் நடந்தவற்றைப் படித்துவரும் எனக்கு, இம்முயற்சியைத் தளர்த்தியது அறிவியலின் போதாமையைவிடப் பணம் ஒதுக்கப்படும் முறையே என்று தோன்றுகிறது.

வடபுலப் புள்ளி ஆந்தை 1990-இல் பாதுகாக்கப்பட வேண்டிய இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது; 1991-இல் அதன் வாழிடமான பழங்காடுகளில் மர விற்பனைக்கு நீதிமன்றம் தடை விதித்தது. இவற்றின் விளைவாக வாஷிங்டன், ஓரிகன், வடக்குக் கலிபோர்னியாவிலுள்ள சுமார் 2.4 கோடி ஏக்கர் அரசு நிலத்துக்கு 1994-இல் வடமேற்கு வனத் திட்டம் உருவானது. வேளாண் துறையின் கீழுள்ள வனச் சேவையும் வேறொரு துறையைச் சேர்ந்த நில மேலாண்மைப் பணியகமும் ஒரே விதிகளை ஏற்றன. மீன் வாழும் ஓடை எந்த அலுவலகத்தின் எல்லைக்குள் ஓடினாலும், அதன் இருபுறமும் குறைந்தது 300 அடி அகலத்துக்குக் காப்புப் பகுதி இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

அத்திட்டத்தில் என்னை மிகவும் கவர்ந்தது, சுமார் 15 லட்சம் ஏக்கர் பரப்பில் 10 தகவமைப்பு மேலாண்மைப் பகுதிகளை ஒதுக்கி, அங்கே புதிய முறைகளைச் சோதித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று அனுமதித்ததுதான். ஆனால் மற்ற இடங்களுக்கான முன்னெச்சரிக்கை விதிகள் பெரும்பாலும் இங்கும் பொருந்தியதால், பூஞ்சை, பாசி, நத்தை உள்ளிட்ட அரிய இனங்கள் உள்ளனவா என்று தேடி முடிக்காமல் ஒரு சிறு சோதனையைக்கூடத் தொடங்குவது கடினமாயிற்று. சோதனை தோற்றால் வழக்கு வரும், வென்றாலும் பாராட்டு வராது என்ற நிலையில், எந்த அதிகாரிதான் துணிந்து இறங்குவார்?

மர விற்பனை சரிந்ததும் வன அலுவலகங்களில் பணியாளர்களும் குறைந்தனர். போதாக்குறைக்குக் காட்டுத்தீ வந்தது: 1995-இல் வனச் சேவையின் நிதியில் சுமார் 16 விழுக்காடாக இருந்த தீயணைப்புச் செலவு, 2015-இல் பாதியைத் தாண்டியது. ஒதுக்கிய தொகை தீர்ந்தால் பிற திட்டங்களின் பணம் தீயணைப்புக்குத் திருப்பப்பட்டது. 2018-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 2020 முதல் தனி நிதி கிடைத்த பின்னரே இது தணிந்தது. பலன் தெரியப் பத்தாண்டுகள் பிடிக்கும் பணிக்கு, ஆண்டு நடுவில் பறிபோகக்கூடிய பணத்தை நம்பி யாரும் திட்டமிட முடியாது.

இத்தனைக்கும் நடுவில் கண்காணிப்புப் பணி தப்பிப் பிழைத்தது. ஆந்தைகள், பழங்காடுகள், நீர்நிலைகள் ஆகியவற்றின் நிலையைப் பல துறைகள் சேர்ந்து ஆண்டுதோறும் பதிவுசெய்து, 10, 15, 20, 25 ஆண்டு அறிக்கைகளாக வெளியிட்டுள்ளன. திட்டத்தை 1994-இல் ஏற்றுக்கொண்ட நீதிபதி வில்லியம் டுவையர், கண்காணிப்புக்கு நிதி தராவிட்டால் திட்டத்தையே மறுபரிசீலனை செய்ய நேரிடும் என்று தீர்ப்பில் எச்சரித்திருந்தார். அந்த எச்சரிக்கைக்கு இதில் பெரும்பங்கு உண்டு என்பது என் கணிப்பு. தகவமைப்புப் பகுதிகளுக்கு அப்படியொரு பிடிமானம் இருக்கவில்லை. 2024 நவம்பரில் வனச் சேவை வெளியிட்ட திருத்த வரைவையும், புதிய கடமைகளைச் செய்யாமல் விட்டால் யார் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்ற கேள்வியோடுதான் நான் படிக்கிறேன்.