கார் ஷெட்டுக்கு ஏசி: முதல் செலவு ஷட்டருக்கு

திருச்சியில் மேற்குப் பார்த்த கார் ஷெட். உள்ளளவு 18க்கு 10 அடி, உயரம் 10 அடி. மூன்று பக்கம் 9 அங்குலச் செங்கல் சுவர், தலைக்கு மேல் 5 அங்குல காங்கிரீட், அதன்மேல் வெறும் மொட்டை மாடி. வாசலில் 9க்கு 8 அடி ரோலிங் ஷட்டர். சனி, ஞாயிறுகளில் மர வேலையும் பைக் வேலையும் நடக்கிற இடம். ஏப்ரல் மதியம் மூன்று மணிக்கு உள்ளே 39 டிகிரி. கடையில் இந்த அளவைச் சொன்னால் "2 டன் போட்ருங்க சார்" என்பார்கள். இப்போதிருக்கிற நிலைமைக்கு அது தப்பான பதிலும் இல்லை. அந்த 2 டன்னை எப்படி இறக்குவது என்பதில்தான் பாதி வேலை போயிற்று.

முதல் வாரம், ஷட்டர்

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ஷட்டரின் உள்பக்கம் காட்டினால் 56. ஒற்றைத் தகடு, தடுக்க எதுவும் கிடையாது. வெயிலையும் சேர்த்து வெளியே 60, உள்ளே 27 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 6.7 சதுர மீட்டர் தகடு வழியாகச் சுமார் 1,300 வாட் சூடு வருகிறது. 1 டன் ஏசி வெளியேற்றும் சூடு 3,517 வாட். ஆக, ஷட்டர் ஒன்றே மூன்றில் ஒரு பங்கு டன்னுக்கு மேல் தின்றுவிடுகிறது.

சுருளும் ஷட்டரில் தெர்மாகோலை ஒட்ட முடியாது. அதனால் ஷட்டருக்கு உள்பக்கம் 3 அடி அகலம், 8 அடி உயரத்தில் மூன்று பலகைகள். ஒன்றரைக்கு ஒன்று அங்குல அலுமினிய பைப்பில் ஃபிரேம், நடுவில் 50 மில்லிமீட்டர் தெர்மாகோல், உள்முகத்தில் 6 மில்லிமீட்டர் சிமென்ட் போர்டு, ஷட்டர் பக்கம் ஃபாயில் ஒட்டிய ஃபோம் ஷீட். கீல் வைக்கவில்லை, கார் உள்ளே வரவேண்டிய நாளில் தூக்கிச் சுவரோரம் சாத்திக்கொள்ளலாம். சிமென்ட் போர்டால் ஒரு பலகையைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். அதற்காக அதை விட்டுவிட முடியாது. கிரைண்டரும் வெல்டிங்கும் ஓடும் இடத்தில் தெர்மாகோலைத் திறந்து வைத்தால் ஒரு பொறி போதும். கறுப்புப் புகையோடு உருகிச் சொட்டும்.

பலகைகளை நிறுத்திய மறுநாள் அதே மூன்று மணிக்கு உள்முகம் 35. கணக்கில் 1,300 வாட் 140க்கு இறங்கிவிட்டது. பக்கவாட்டுச் சேனலில் பிரஷ் ஸ்ட்ரிப், தரையோரம் ரப்பர் பீடிங். இரண்டுக்கும் காசு பெரிதாக இல்லை, ஆனால் பீடிங் போடாவிட்டால் குளிர்ந்த காற்று தரையோடு தரையாக வெளியே போய்விடும்.

மொட்டை மாடிக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட், இரண்டு கோட். சுண்ணாம்பில் ஃபெவிகால் கலந்து அடித்தாலும் வேலை செய்யும். ஒரு மழைக்காலம் தாண்டினால் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும். இதன் பலன் மதியத்தைவிட சாயங்காலம்தான் நன்றாகத் தெரியும். காங்கிரீட் பகலில் வாங்கிய சூட்டை நாலைந்து மணி நேரம் கழித்துத்தான் உள்ளே விடும்.

எல்லாம் சேர்த்து, முதலில் 4.9 கிலோவாட் வந்த சூட்டுச் சுமை 2.9க்கு வந்தது. இதில் சுவர், ஆள், விளக்கு, மெஷின், சந்துக்காற்று எல்லாம் அடக்கம்.

இரண்டாம் வாரம், எதை வாங்குவது

2.9 கிலோவாட்டுக்கு 1 டன் போதுமே என்று தோன்றும். ஏசியின் டன் அளவு வெளியே 35 டிகிரி இருக்கும்போது சோதித்துச் சொல்வது. திருச்சியில் 41 வந்தால் அது குறையும். தவிர, வாரம் முழுக்கச் சூடேறிக் கிடந்த சுவரைச் சனிக்கிழமை ஒரு மணி நேரத்தில் இறக்கியாக வேண்டும். அதனால் 1.5 டன் இன்வெர்ட்டர். குளிர்ந்த பிறகு அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

5 ஸ்டாரா, 3 ஸ்டாரா? ஸ்டார் லேபிளில் போட்டிருக்கும் யூனிட் கணக்கு வருடம் 1,600 மணி நேர ஓட்டத்துக்கானது. 1.5 டன்னில் இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 200 யூனிட். இந்த ஷெட்டில் வருடம் 400 மணி நேரம் ஓடினாலே அதிகம். அப்படிப் பார்த்தால் மிச்சம் 50 யூனிட். அதற்காக ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கொடுப்பது வீண். 3 ஸ்டார்தான் சரி. தினமும் இரவு ஓடும் படுக்கையறை என்றால் பேச்சே வேறு. வீட்டின் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டை ஒட்டி நிற்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், தாண்டினால் ஸ்லாப் மாறும்.

ஜன்னல் ஏசி இன்னும் மலிவு, கேஸ் வேலையும் இல்லை. ஆனால் அது பக்கவாட்டுக் கம்பி இடுக்குகள் வழியாகத்தான் வெளிக்காற்றை இழுக்கும். 9 அங்குலச் சுவரில் ஓட்டை போட்டுச் செருகினால் அந்தப் பக்கங்களைச் செங்கல் மூடிவிடும். கண்டென்சர் மூச்சுத்திணறி மதியத்தில் டிரிப் ஆகும். பக்கக் கம்பி முழுக்கச் சுவருக்கு வெளியே நிற்கிற மாதிரி வைக்க இங்கே வழியில்லை. சக்கரம் வைத்த போர்ட்டபிள் ஏசி வேண்டவே வேண்டாம். ஒற்றைக் குழாய் மாடல் அறைக்காற்றை வெளியே தள்ளும், அதற்கு ஈடாக ஷட்டர் சந்தெல்லாம் அனலை உள்ளே இழுக்கும்.

மூன்றாம் வாரம், மாட்டியது

இன்டோர் யூனிட்டை ஷட்டருக்கு எதிர்ச்சுவரில் வைக்கவில்லை. வைத்தால் குளிர் நேராக ஷட்டரில் போய் மோதும். வடக்குச் சுவரில், பின்பாதியில், தரையிலிருந்து 8 அடி உயரம். மேல்தளத்துக்கும் அதற்கும் நடுவே 15 சென்டிமீட்டராவது காற்று போக இடம் வேண்டும். அவுட்டோர் பக்கச் சந்தில் பிராக்கெட்டில், ரப்பர் பேடோடு. பின்னால் ஓர் அடி, முன்னால் இரண்டரை அடி காலியிடம்.

இரண்டு யூனிட்டையும் இணைக்கும் செப்பு பைப் 1/4 அங்குலமும் 1/2 அங்குலமும், 3.5 மீட்டர். கட்டருக்குப் பிறகு பிசிறு எடுக்கும்போது பைப் வாயைத் தரை பார்க்கப் பிடிக்க வேண்டும். செப்புத் தூள் உள்ளே விழுந்தால் கம்ப்ரஸர் வரை போகும். ஃப்ளேர் அடிப்பதற்கு, அதாவது பைப் வாயை விரிப்பதற்கு முன் நட்டை நுழைத்துவிட வேண்டும். இதை மறந்து ஒரு முனையை வெட்டித் திரும்ப அடிக்காத ஆளே இல்லை. இறுக்கம்: 1/4க்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், 1/2க்கு 49 முதல் 61. டார்க் ஸ்பேனர் இல்லாமல் கைக்கணக்கில் முறுக்கினால் சின்ன நட்டுதான் முதலில் ஃப்ளேரை நசுக்கும், கேஸ் மெல்லக் கசியும்.

அடுத்தது வேக்கம். அவுட்டோரில் இருக்கும் கேஸைக் கொஞ்சம் திறந்து "காத்தைத் தள்ளிட்டா போதும்" என்று சொல்லும் மெக்கானிக்கை அங்கேயே நிறுத்துங்கள். காற்று போனாலும் ஈரம் போகாது. தவிர, இதில் இருக்கும் ஆர்-32 லேசாகத் தீப்பற்றும் கேஸ். பம்ப் 20 நிமிடம் ஓட்டி, வால்வை மூடி, 10 நிமிடம் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே ஆலன் கீயால் கேஸைத் திறக்க வேண்டும். இந்த வேலைக்கு மட்டும் கருவியோடு வரும் ஆள் தேவை; மற்றதெல்லாம் நாமே செய்துகொள்ளலாம்.

டிபி போர்டிலிருந்து தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர், 20 ஆம்பியர் டபுள் போல் எம்சிபி. வெல்டிங் மெஷினுக்கு வேறு லைன். இரண்டையும் ஒன்றில் கோத்தால் ராடு தொடும்போதெல்லாம் வோல்டேஜ் விழும்.

தப்பு நடந்தது தண்ணீர் வெளியேறும் டிரெயின் ஹோஸில். சுவர் ஓட்டை வெளிப்பக்கம் ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். டிரில் மட்டமாகப் போய்விட்டது. இன்டோர் யூனிட்டின் ட்ரேயில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது கால் பங்குதான் வெளியே வந்தது, மீதி சுவரில் வழிந்தது. உளியால் ஓட்டையின் வெளி விளிம்பைக் கீழாகச் செதுக்கி, ஹோஸை பைப்புக்கு அடியில் வருகிற மாதிரி கட்டியதும் சரியானது. ஊற்றிப் பார்க்காமல் விட்டிருந்தால் ஒரு வாரம் கழித்து மர பெஞ்சில்தான் தெரிந்திருக்கும்.

ஓட்டிப் பார்த்ததில்

கிளாம்ப் மீட்டரில் ஆரம்பத்தில் 7 ஆம்பியர், முக்கால் மணி நேரத்தில் 3. இன்டோர் யூனிட்டுக்குள் போகும் காற்றுக்கும் வெளிவரும் காற்றுக்கும் 11 டிகிரி வித்தியாசம். அறை 38லிருந்து 28க்கு வர 50 நிமிடம். அப்போதுதான் ஓட்டி வந்த காரை உள்ளே விட்டால் இந்தக் கணக்கு பலிக்காது. 150 கிலோ இன்ஜின் இரும்பு 90லிருந்து 30 டிகிரிக்கு ஆற சுமார் 1.15 யூனிட் அளவு சூட்டைக் கக்கும். இந்த 1.5 டன் ஏசிக்கு அதுவே 13 நிமிட வேலை. ஒரு மணி நேரம் வெளியே நிற்கட்டும். ஷட்டரை மூடிக்கொண்டு இன்ஜினை மட்டும் ஒருபோதும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஸ்ப்ளிட் ஏசி உள்காற்றையே சுற்றிவிடுகிறது, கார்பன் மோனாக்சைடு அப்படியே அறைக்குள் நிற்கும். தின்னர், பெயின்ட் வாடைக்கும் இதே கதை.

சாண்டிங் நடக்கும்போது ஏசி அணைந்திருக்க வேண்டும். எம்டிஎஃப் தூள் ஃபில்டரைத் தாண்டி ஈரக் காயிலில் மாவு மாதிரி ஒட்டும், பிறகு ட்ரேயின் வாயையும் அடைக்கும். ஃபில்டர் கழுவுவது 15 நாளுக்கு ஒருமுறை.

இன்னும் ஒரு வேலை பாக்கி. அவுட்டோரில் வயர் நுழையும் ஓட்டையைச் சுற்றி விரல் நுழைகிற அளவு சந்து இருக்கிறது. பல்லி அதற்குள் புகுந்து பிசிபியில் (சர்க்யூட் போர்டில்) படுத்தால் இரண்டும் சேர்ந்து கருகும். போர்டு விலை ஏசி விலையில் கணிசமான பங்கு. எம்-சீலும் ஒரு துண்டுக் கொசுவலைக் கம்பியும் வாங்கி வைத்தாகிவிட்டது.